காற்றுப் பை

தாய்மாமன் சீர் என்றால் இன்னின்னது கொடுக்க வேண்டும் என்று நம் பக்கத்தில் ஒரு ஜாபிதா உண்டு. பட்டுப் புடவை, வெள்ளிக் குங்குமச் சிமிழ், வாழைத்தார், தாம்பாளம், சக்திக்கு ஏற்ற பொன். எந்தக் காலத்துப் பாட்டியும் அதில் 'பனிச்சரிவில் அமிழ்ந்து போகாமல் இருப்பதற்கான முதுகுப் பை, உருப்படி ஒன்று' என்று சேர்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் சென்ற குளிர்காலத்தில் என் தங்கை மகளுக்கு நான் எடுத்துக் கொடுத்த சீர் அதுதான்.

அந்தப் பெண் ஜூரிச் நகரத்தில் உத்தியோகம் பார்க்கிறாள். போன முதல் வருஷம் பனியைப் படம் பிடித்து அனுப்பினாள். இரண்டாம் வருஷம் அதில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக் கொண்டாள். மூன்றாம் வருஷம் சறுக்குக் கட்டைகளைக் காலில் மாட்டிக் கொண்டு மலையிலிருந்து இறங்குவதில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கி விட்டாள். இனிப் பாதை போட்ட இடத்தில் சறுக்குவது போதாதாம். சிநேகிதர்கள் போகிறார்களாம். அவளும் போக வேண்டுமாம்.

நான் இரண்டு வாரம் அவளோடு தங்கப் புறப்பட்டுக் கொண்டிருந்த சமயம், தங்கை டெலிபோனில் கூப்பிட்டாள்.

"அண்ணா, அவள் என்னவோ பை வாங்கப் போகிறாளாம். உயிரைக் காப்பாற்றுகிற பையாம். இருப்பதில் உசத்தியாகப் பார்த்து நீயே வாங்கிக் கொடுத்து விடு."

"உயிரைக் காப்பாற்றுகிற பை எதற்கு என்று கேட்டாயா?"

"கேட்காமல் இருப்பேனா? வேண்டாம் என்றும் சொல்லிப் பார்த்தேன். முப்பது வயதுப் பெண்ணிடம் அதற்கு மேல் என்ன சொல்வது? நீ போய்ப் பார்."

இப்படியாக, மெரினா மணலைத் தவிர வேறு எந்தச் சரிவிலும் சறுக்கியறியாத ஒருவன், பனிச்சரிவுக்கான பை வாங்கும் நிபுணனாக நியமனம் பெற்றான்.

இந்தப் பாதை விவகாரத்தை முதலில் சொல்லி விடுகிறேன். ஆல்ப்ஸ் மலை ஊர்களில் சறுக்குவதற்கென்று கம்பம் நட்டு, பனியை யந்திரத்தால் படியவைத்துப் பாதை போட்டிருக்கிறார்கள். அதற்குப் பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர் 'பிஸ்ட்'. அந்தப் பாதைகளுக்குக் காவல் உண்டு. இரவெல்லாம் பனி கொட்டியிருந்தால், மேலே தொங்கிக் கொண்டிருக்கும் பனியைக் காலையில் வெடிவைத்துத் தள்ளிவிட்டுத்தான் ஜனங்களை விடுவார்கள். கம்பத்துக்கு அப்பால் இருப்பது 'ஆஃப் பிஸ்ட்'. அங்கே காவல் கிடையாது. ஒருவர் காலும் படாத புதுப் பனி, முழங்கால் ஆழம், பஞ்சு மாதிரி. அதில் இறங்குவது தண்ணீரிலும் இல்லாமல் ஆகாயத்திலும் இல்லாமல் நடுவே எங்கேயோ மிதப்பது போலிருக்கும் என்றாள் பெண். கட்டைக்காரர்களுக்கும் சரி, இரண்டு காலையும் ஒரே பலகையில் கட்டிக் கொள்ளும் ஸ்னோபோர்டுக்காரர்களுக்கும் சரி, அதுதான் சொர்க்கம். சொர்க்கத்துக்கு மிக அருகில் இருப்பதும் அதுதான் என்று நான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். பனி விழுந்த ஒவ்வொரு தடவையும், ஜமக்காளத்தின் மேல் ஜமக்காளம் விரித்தது போல, அடுக்கடுக்காகக் கிடக்கிறது. ஒவ்வோர் அடுக்கும் தான் விழுந்த நாளின் காற்றையும் குளிரையும் ஞாபகம் வைத்திருக்கிறது. நடுவே எங்கேயாவது சர்க்கரை மாதிரி ஒட்டாத ஓர் அடுக்கு அகப்பட்டு விட்டால், அதற்கு மேலே இருப்பதெல்லாம் ஒரு தூண்டுதலுக்காகக் காத்திருக்கிறது. 30 பாகைக்கும் 45 பாகைக்கும் இடைப்பட்ட சாய்வில்தான் பெரும்பாலான சரிவுகள் நிகழ்கின்றன. அதற்குக் குறைந்தால் எளிதில் வழுக்காது. மிகவும் செங்குத்தானால் பனி அவ்வளவாகத் தங்காது. சறுக்குகிறவர்களுக்கு ஆனந்தம் தருவதும் ஏறக்குறைய அதே சாய்வுதான் என்பது பகவானின் விளையாட்டு.

தூண்டுதல் எங்கிருந்து வருகிறது? பனிச்சரிவு என்றால் இடி விழுவது போல எங்கிருந்தோ வந்து தலையில் இறங்குவது என்று நான் எண்ணியிருந்தேன். அப்படியல்லவாம். அகப்பட்டுக் கொள்கிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர், தாங்களோ தங்கள் கூட்டாளியோ கிளப்பிவிட்ட சரிவில்தான் அகப்படுகிறார்கள். ஒரு மனிதனின் பாரம் போதும். ஆகையால் விதியின் மேல் பழி போடுகிற சௌகரியம் இந்த விஷயத்தில் நமக்கு இல்லை.

நாங்கள் டாவோஸ் என்ற ஊரில் நாலு நாள் தங்கினோம். தாமஸ் மான் 1924-ல் வெளியிட்ட 'மந்திர மலை' நாவலின் கதை நடக்கிற ஊர். அந்த நாவலின் நாயகன் சறுக்குக் கட்டை ஒரு ஜோடி வாங்கி, அரைகுறையாகப் பழகிக் கொண்டு, தன்னந்தனியே மலையில் ஏறிப் பனிப்புயலில் அகப்பட்டுக் கொள்வான். நாவலாசிரியர்கள் நாயகனைப் பிழைக்க வைத்து விடுவார்கள். அவர்களுக்கு இன்னும் சில நூறு பக்கம் பாக்கியிருக்கும். அதே ஊரில்தான் பனியையும் பனிச்சரிவையும் ஆராய்வதற்கென்று ஸ்விஸ் நாட்டார் ஒரு நிலையமே வைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் தினம் மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் அந்த நிலையத்தின் அறிக்கை வருகிறது. ஆபத்தை 1 முதல் 5 வரை எண் போட்டுச் சொல்கிறார்கள். 5 வரும் நாளில்தான் அதிகம் பேர் சாவார்கள் என்று நீங்கள் நினைப்பீர்கள். இல்லை. 4-ம் 5-ம் வந்தால் ஜனங்கள் வீட்டில் இருந்து விடுகிறார்கள். சாவுகளில் ஏறக்குறையப் பாதி 3 என்று சொன்ன நாட்களில்தான். 3 என்றால் 'கணிசமான ஆபத்து'. பரீட்சையில் 5-க்கு 3 வாங்கினால் பாஸ் அல்லவா? அந்தப் பழக்கம்தான் ஆளைக் கொல்கிறது போலிருக்கிறது.

பைக் கடைக்காரர் நரைத்த மீசைக்காரர். நாங்கள் உள்ளே நுழைந்து காற்றுப் பை வேண்டும் என்றதும், நம் ஊர் ஜவுளிக் கடையாய் இருந்தால் பத்துப் பையைப் பிரித்துப் போட்டிருப்பார்கள். இவர் ஒன்றையும் எடுக்கவில்லை. பெண்ணைப் பார்த்து, "உன்னிடம் ஒலிபரப்பிக் கருவி இருக்கிறதா? மண்வெட்டி? துழாவு கம்பி?" என்று கேட்டார்.

"இருக்கின்றன."

"உன்னோடு வருகிறவர்களிடம்?"

அவர்களிடமும் இருக்கின்றன என்று கேட்ட பிறகுதான் அலமாரிப் பக்கம் திரும்பினார். இந்த மூன்றும் என்னவென்றால், முதலாவது மார்பில் கட்டிக் கொள்ளும் சின்ன ரேடியோ. எந்தக் கம்பெனி செய்தாலும் 457 கிலோஹெர்ட்ஸ் அலையில்தான் பேசும். புதைந்தவரின் கருவி கத்தும், மேலே நிற்பவரின் கருவி கேட்கும். கிட்டத்தட்ட இடம் தெரிந்ததும் நீளக் கம்பியைக் குத்தித் துழாவ வேண்டும்; பிறகு வெட்ட வேண்டும். எல்லாம் கூட வந்தவர்களே செய்ய வேண்டும். ஸ்விட்ஜர்லாந்தின் நாற்பது வருஷக் கணக்கை வைத்து 2024-ல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. புதைந்தவர்களில் முதல் 10 நிமிஷத்துக்குள் எடுக்கப்பட்டவர்கள் 100-க்கு 90-க்கு மேல் பிழைக்கிறார்கள். 30 நிமிஷம் ஆனால் 100-க்கு 30 பேர்தான். ஓடுகிற பனி நின்றவுடன் சிமெண்டு மாதிரி இறுகி விடுவதால் கையைக் காலை அசைக்க முடியாது. பெரும்பாலோர் மூச்சு முட்டித்தான் இறக்கிறார்கள். ஹெலிகாப்டர் வேகமாக வரும். ஆனால் 10 நிமிஷத்தில் வராது.

அதனால்தான் புதையாமலே இருப்பதற்கு ஒரு வழி தேடினார்கள். 1970-களில் ஜெர்மனியில் ஒரு வன அதிகாரி, வேட்டையாடிய மிருகத்தை முதுகில் சுமந்து கொண்டு போகும்போது சரிவில் அகப்பட்டும் தாம் பனிக்கு மேலேயே இருந்துவிட்டதைக் கவனித்தாராம். சுமை இருக்கும்போது அமிழத்தானே வேண்டும்? அந்த யோசனையின் உரிமையை பீட்டர் ஆஷௌவர் என்பவர் 1980-ல் வாங்கி, ஏபிஎஸ் என்ற கம்பெனி வைத்து, 1985-ல் முதல் காற்றுப் பையை வெளியிட்டார்.

இது தண்ணீரில் கட்டை மிதக்கிற கணக்கு அல்ல. என் தங்கைக்கு நான் விளக்கிய விதத்திலேயே இங்கும் சொல்கிறேன். அரிசி டின்னில் வண்டு வராமல் இருக்க வசம்புத் துண்டு போட்டு வைக்கிறோம். டின்னைக் குலுக்கினால் வசம்பு எங்கே வந்து நிற்கிறது? மேலே. சின்னச் சின்ன மணிகள் இடுக்கில் நழுவிக் கீழே போகின்றன. பெரியது மேலே தள்ளப்படுகிறது. ஓடுகிற பனிச்சரிவும் குலுங்குகிற அரிசி டின்தான். அதற்குள் மனிதன் ஒரு நடுத்தர உருப்படி. முதுகில் 150 லிட்டர் காற்றைச் சேர்த்துக் கொண்டால் பெரிய உருப்படி ஆகி விடுகிறான். தோள் வாரில் ஒரு கைப்பிடி இருக்கும். அதை இழுத்தால் சில வினாடிகளில் பை உப்பித் தலைக்குப் பின்னால் நிற்கும். நம் சித்தர்கள் இந்த உடம்பையே ஒரு காற்றுப் பை என்று ஏளனம் செய்தார்கள். அந்தப் பையைக் காப்பாற்ற இந்தப் பை.

கடைக்காரர் இரண்டு ஜாதிகளைக் காட்டினார். ஒன்றில் சின்னச் சிலிண்டர். அதிக அழுத்தத்தில் அடைத்த வாயு. இழுத்தால் ஊசி குத்திச் சிலிண்டர் திறந்து கொள்ளும். இலேசானது, விலையும் சற்றுக் குறைவு. ஆனால் ஒரு தடவை இழுத்தால் சிலிண்டரை மாற்றவோ நிரப்பவோ வேண்டும். விமானத்தில் கொண்டு போவதற்குக் கம்பெனியின் அனுமதி வேண்டும். அமெரிக்காவில் நிரப்பின சிலிண்டரை ஏற்றவே விடுவதில்லை. இன்னொரு ஜாதியில் மின்சார விசிறி. 2014-ல் வந்த முதல் விசிறிப் பை பாட்டரியில் ஓடியது. பிற்பாடு வந்தவை மின்தேக்கியில் ஓடுகின்றன. அதற்குக் குளிரைக் கண்டு பயம் குறைவு. இழுத்துப் பார்த்துவிட்டு, காற்றை இறக்கி மடித்து வைத்து, மறுபடி சார்ஜ் செய்து கொள்ளலாம். கூடுதலாகக் கொஞ்சம் எடை, கூடுதலாகக் கொஞ்சம் விலை. விலை என்றால், நல்ல பை ஒன்று ஆயிரம் பிராங்கை ஒட்டி. நம் பணத்தில் சுமார் ஒரு லட்சம் ரூபாய். சீர் செய்ய வந்தவன் விலையைப் பார்த்து முகம் சுளிக்கக் கூடாது என்று என் தாயார் சொல்லியிருக்கிறாள். ஆகையால் கடையின் கூரையைப் பார்த்தேன்.

இந்தக் கட்டத்தில் கடைக்காரர் ஒரு காரியம் செய்தார். தம் சரக்கைக் குறைத்துப் பேசினார். 2014-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியைச் சொன்னார். பல தேசத்து விபத்துக் குறிப்புகளைச் சேர்த்துப் பார்த்ததில், பெரிய சரிவில் சிக்கிப் பை விரியாதவர்களில் 100-க்கு 22 பேர் இறந்தால், பை விரிந்தவர்களில் 11 பேர் இறக்கிறார்கள். அதாவது சாவில் பாதியை இந்தப் பை தடுக்கிறது, மறுபாதியைத் தடுப்பதில்லை. மரத்தில் மோதினால், பாறையிலிருந்து விழுந்தால், குறுகிய ஓடைப் பள்ளத்துக்குள் பனி வந்து குவிந்தால், காற்று என்ன செய்யும்? பை முதுகில் இருந்தும் விரியாமல் போனது ஐந்தில் ஒன்று. அப்படி விரியாதவற்றில் 100-க்கு 60 யந்திரக் கோளாறினால் அல்ல. மாட்டிக் கொண்டிருந்தவர் இழுக்கவில்லை, அல்லது அவரால் இழுக்க முடியவில்லை.

இதைக் கேட்டதும் எனக்குச் சிலிண்டர்ப் பையின் மேல் இருந்த ஆசை போய்விட்டது. பழகிப் பார்க்கக் கஷ்டமான யந்திரத்தைப் பயத்தில் எப்படிக் கை தேடும்? நூறு தரம் இழுத்துப் பழகக் கூடிய விசிறிப் பைதான் என்று தீர்மானித்தேன். பெண்ணுக்கும் அதுவே சம்மதம். விடுமுறைக்குத் தேசம் வரும்போது குல்மர்க்குக்கு எடுத்துப் போகலாம் என்றாள். அந்தப் பெயரைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் வரவில்லை. 2023 பிப்ரவரி 1-ந் தேதி அங்கே அபர்வத் மலையில் சரிவு விழுந்து போலந்து நாட்டுக்காரர்கள் இருவர் இறந்ததைப் பத்திரிகையில் படித்திருந்தேன்.

பிறகு அளவு பார்க்கும் படலம். பையின் முதுகு நீளம் அவள் முதுகுக்குச் சரியாக இருக்க வேண்டும். உள்ளே மண்வெட்டியும் கம்பியும் தனி அறையில் நிற்க வேண்டும்; சட்டையும் தண்ணீரும் அவற்றை மறைக்கக் கூடாது. கட்டைகளைப் பையில் கட்டினால் காற்றுப் பை விரிகிற வழியில் அவை குறுக்கே நிற்கக் கூடாது. தடித்த கையுறையோடு கைப்பிடி பிடிபட வேண்டும். இவற்றோடு, தொடைகளுக்கு நடுவே கொடுத்து மாட்டும் ஒரு வார் உண்டு. சரிவின் இழுப்பில் பை தலைக்கு மேலே கழன்று போகாமல் பிடிப்பது அதுதான். இளைஞர்கள் அழகு கெடுகிறதென்று அதை மாட்டாமல் போகிறார்களாம். கோவணத்தின் அருமையை ஐரோப்பியர் இன்னும் முழுதாக உணரவில்லை.

ஒரு பையைத் தேர்ந்தோம். நீலம். நாளை வந்து வாங்கிக் கொள்கிறோம் என்று சொல்லி வெளியே வந்தோம். விளக்கு வைக்கிற நேரம். பனி மிதித்து நடக்கும் சத்தம் தவிர ஒன்றுமில்லை.

"ஒன்று கேட்கட்டுமா, அம்மா?" என்றேன். "இந்தப் பை முதுகில் இருந்தால், இல்லாதபோது போகமாட்டேன் என்கிற இடத்துக்கும் போகத் தோன்றாதா?"

"அப்படித் தோன்றினால் பையைக் கழற்றி வைத்துவிட்டு யோசி என்று சொல்லியிருக்கிறார்கள், மாமா. பை இல்லாமல் இறங்க மாட்டாய் என்றால் பையோடும் இறங்காதே என்று."

"புத்தகத்தில் இருப்பதைச் சொன்னாய். நீ சொல். அறிக்கையில் 3 போட்டிருக்கிறது. உனக்கு அந்தச் சாய்வு பிடிக்கவில்லை. மற்ற நாலு பேரும் முன்னால் போய்க் கொண்டிருக்கிறார்கள். திரும்பி வருவாயா?"

அவள் வெகு தூரம் பேசாமல் நடந்தாள்.

"தெரியவில்லை, மாமா" என்றாள்.

வருவேன் என்று அவள் சட்டென்று சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு நம்பிக்கை வந்திராது. 2012 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஸ்டீவன்ஸ் பாஸ் என்ற இடத்தில் ஒரு பெரிய கூட்டம் பாதைக்கு வெளியே இறங்கிற்று. அத்தனை பேரும் கைதேர்ந்தவர்கள். ஆபத்து அறிக்கை தெரிந்தவர்கள். சரிவில் மூன்று பேர் மாண்டார்கள். எலிஸ் சாக்ஸ்டாட் என்ற பெண்மணி காற்றுப் பையை இழுத்ததால் பிழைத்தார். பைக் கம்பெனிகள் விரும்பிச் சொல்லத் தக்க கதை. ஆனால் அதைப் பற்றி ஜான் பிராஞ்ச் என்பவர் எழுதி 2013-ல் புலிட்சர் பரிசு பெற்ற நீண்ட கட்டுரையைப் படித்தபோது, என் மனத்தில் நின்றது பை அல்ல. இவ்வளவு பெரிய கூட்டமாகப் போவது சரியில்லை என்று சிலருக்கு உள்ளுக்குள் தோன்றியும் வாய் திறக்கவில்லை என்பதுதான். கூட்டத்தில் 'நான் வரவில்லை' என்று சொல்வதற்கு எந்தக் கடையிலும் கைப்பிடி வைத்த பை விற்பதில்லை. அந்தப் பெண் 'தெரியவில்லை' என்று சொன்னாளே, அது போதும். தெரியவில்லை என்று தெரிந்தவள் அந்த இடத்தில் நின்று ஒரு நிமிஷம் யோசிப்பாள் என்று எண்ணினேன். எண்ணம்தான். நிச்சயம் என்று என் தங்கையிடம் சொல்ல முடியுமா?

இரவு அவளே கூப்பிட்டாள். வசம்புக் கதையைச் சொன்னேன். 22-ம் 11-ம் சொன்னேன். தாயாரிடம் மறைத்து வைக்க அது என்னுடைய கணக்கு அல்ல. அந்தப் பக்கம் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "இழுக்கிற பிடி எந்தப் பக்கம் இருக்கிறது?" என்று கேட்டாள்.

"இடது தோளில். வலது கையால் குறுக்கே இழுக்க வேண்டும்."

"அண்ணா, அவள் பிறவியில் இடது கைக்காரி. சாப்பிடவும் எழுதவும் நம் அம்மாதான் அடித்து அடித்து வலது கைக்கு மாற்றினாள். உனக்கு ஞாபகம் இராது. பயந்தால் இன்னும் இடது கைதான் முன்னால் வரும்."

"அதெல்லாம் சின்ன வயதில், மாமா" என்று பெண் பக்கத்திலிருந்து மறுத்தாள்.

பரீட்சை வைத்து விடுவது என்று தீர்மானித்தேன். அவளுடைய பழைய முதுகுப் பையின் இரண்டு தோள் வார்களிலும் ஆளுக்கொரு தேக்கரண்டியைக் கட்டினேன். மாட்டிக் கொண்டு அறையில் தன் பாட்டுக்கு வேலை செய்யட்டும், நான் 'சரிவு!' என்று கத்தும்போது ஒரு கரண்டியை இழுக்க வேண்டும். முதல் தடவை அவள் காப்பி போட்டுக் கொண்டிருந்தபோது கத்தினேன். இடது கை வலது தோளுக்குப் போயிற்று. இரண்டாம் தடவை அவள் ஜாக்கிரதையாக எதிர்பார்த்துக் கொண்டிருந்தாள், வலது கை. அரை மணி நேரம் பேச்சுக் கொடுத்து மறக்க வைத்து, மூன்றாம் தடவை கத்தினேன். இடது கை. நாலாம் தடவையும் இடது கை. அடுத்த அறைக்காரர் சுவரைத் தட்டியதால் பரீட்சை முடிந்தது.

மறுநாள் காலை கடைக்காரரிடம் சொன்னோம். அவர் ஆச்சரியப்படவில்லை. சில பைகளில் கைப்பிடியை வலது தோளுக்கு மாற்றிப் பொருத்தலாம், சிலவற்றில் முடியாது. நீலப் பை முடியாத ஜாதி என்றார். மாற்றக் கூடியது ஒன்று இருந்தது. அழுக்கு மஞ்சள் நிறம், நூற்றுச் சொச்சம் பிராங்க் கூடுதல், 200 கிராம் எடை அதிகம். பெண் நீலத்தை ஒரு தரம் பார்த்தாள். மஞ்சளை எடுத்து மாட்டிக் கொண்டாள். கடைக்காரர் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு, "இழு" என்றார். விசிறி அலறிற்று. அவள் தலைக்குப் பின்னால் ஒரு பெரிய பூசணிக்காய் முளைத்தது. கடையில் இருந்த ஒரு குழந்தை கை கொட்டிற்று. மடித்து வைக்கச் சொல்லிக் கொடுத்தார். மறுபடி இழுக்கச் சொன்னார், கண்ணை மூடிக் கொண்டு.

இரண்டு நாள் பயிற்சி வகுப்பு ஒன்றுக்கு அவள் பணம் கட்டியிருந்தாள்; மலை வழிகாட்டி ஒருவர் எட்டுப் பேரை அழைத்துப் போகிறார். அடுத்த நாள் காலை 8 மணி அறிக்கையில் 3 என்று இருந்தது. 30 பாகைக்குக் குறைந்த சாய்வில்தான் இன்று போகப் போகிறோம் என்று வழிகாட்டி சொன்னதாகச் சொன்னாள். வைஸ்ஃப்ளூயோக்குக்குப் போகும் இழுவை ரயில் நிலையம் வரை நானும் கூடப் போனேன். வாசலில் எட்டுப் பேரும் வட்டமாக நின்று, ஒருவர் கருவியை இன்னொருவர் கருவியால் சோதித்தார்கள். அவள் தொடை வாரைக் கொடுத்து மாட்டினாள். கையுறையைப் போட்டுக் கொண்டாள். இடது கையால் வலது தோளில் கைப்பிடியை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக் கொண்டு, ரயிலில் ஏறினாள்.